பொலிவியாவின் ஒரு காட்டுச் செடியும் 30 நாட்டுக் கடலைக் கொல்லைகளும்: துரு நோய் எதிர்ப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளை வேட்டியோடு துரு பிடித்த கடலைக் கொல்லைக்குள் இறங்கிப் பாருங்கள், ஒரு சால் நடந்து வருவதற்குள் முழங்காலுக்குக் கீழே செங்கல் பொடியைத் தூவிவிட்டது மாதிரி ஆகிவிடும். விருத்தாசலம் பக்கம் எங்கள் பெரியப்பா கொல்லையில் சின்ன வயதில் எனக்கு நடந்தது இது. அது மண் என்றுதான் நினைத்துத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டது பூராவும் பூஞ்சையின் வித்துகள், ஒவ்வொன்றும் இன்னொரு இலையில் விழுந்து முளைக்கத் தயாராக இருந்தது என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பெரியப்பா அதை நோய் என்றே சொல்லமாட்டார், "இலை பழுத்துடுச்சு, பிடுங்கிடலாம்" என்பார். அவர் போட்டிருந்தது டி.எம்.வி. 2. அந்த ரகத்துக்கு அப்போதே ஐம்பது வயது இருக்கும்.

இந்தக் கட்டுரை நிலக்கடலையில் துருவுக்கும் இலைப்புள்ளிக்கும் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, ஏன் இதுவரை தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பற்றியது. அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பாடப்புத்தகம் ஒரு பதில் வைத்திருக்கிறது. எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது.

நோய் செய்யும் வேலை

கொல்லையில் மூன்று பூஞ்சைகள் சேர்ந்தே வரும். முன்பருவ இலைப்புள்ளி, பின்பருவ இலைப்புள்ளி (இந்த இரண்டையும் சேர்த்துத்தான் டிக்கா என்கிறோம்), அப்புறம் துரு. முன்பருவப் புள்ளி பழுப்பாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இலையின் மேல்பக்கம் தெரியும். பின்பருவப் புள்ளி சின்னதாக, உருண்டையாக, இலையைத் திருப்பிப் பார்த்தால் கிட்டத்தட்ட கரி மாதிரி கறுத்திருக்கும். துரு இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறக் கொப்புளமாகக் கிளம்பும். புள்ளி நோயில் இலை உதிர்ந்துவிடும், துருவில் இலை காய்ந்து சுருண்டாலும் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். தூரத்தில் இருந்தே எது அதிகம் என்று கண்டுபிடிக்க இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இலை போனால் என்ன, காய் மண்ணுக்குள்தானே இருக்கிறது என்று கேட்கலாம். விழுது இறங்கி, காய் பிடித்து, பருப்பு பருக்கிற நேரத்தில்தான் இந்த நோய்கள் உச்சத்துக்கு வருகின்றன. அப்போது இலை இல்லையென்றால் காய்க்குச் சோறு இல்லை, பிடுங்கினால் பொக்கு. இலை உதிர்ந்த செடியின் காம்பும் பலவீனமாகி, இழுக்கும்போது அறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடும். மருந்து அடிக்காமல் விட்ட கொல்லையில் புள்ளியும் துருவும் கடுமையாகச் சேர்ந்து வந்தால் பாதி மகசூலுக்கு மேல் போவது புதிதல்ல. இதோடு மாட்டுக்குப் போகவேண்டிய கடலைக்கொடியும் போச்சு. மானாவாரிக்காரருக்கு அந்தக் கொடி சும்மா கிடைக்கிற உபரி கிடையாது, கோடையில் மாடு அதை நம்பித்தான் இருக்கிறது.

துரு நமக்குப் புதிய விருந்தாளி என்பது பலருக்குத் தெரியாது. இலைப்புள்ளி பழைய சங்கதி. துரு 1960களின் கடைசி வரை பெரும்பாலும் தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கமே கிடந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று கடலை விளையும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. உயிருள்ள கடலைச் செடியில்தான் அது பிழைக்க முடியும், காய்ந்த சருகில் அதிக நாள் தாங்காது. ஆனால் தென்னிந்தியாவில் ஆடிப் பட்டம், கார்த்திகைப் பட்டம், மாசிப் பட்டம் என்று எங்காவது ஓரிடத்தில் பச்சைக் கடலை நின்றுகொண்டேதான் இருக்கிறது, அறுவடையில் தப்பிய காய் முளைத்த செடிகள் வேறு. காற்றில் ஏறி ஒரு கொல்லையில் இருந்து அடுத்த கொல்லைக்குப் போக அதற்கு வேறென்ன வேண்டும்?

குடியாத்தத்தில் இருந்து வந்தது

டி.எம்.வி. என்றால் திண்டிவனம். குடியாத்தம் பக்கத்துக் கொத்துக் கடலையில் நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்து அங்கே உருவாக்கிய ரகம் டி.எம்.வி. 2, வெளிவந்த ஆண்டு 1940. 105 நாளில் கைக்கு வரும், வறட்சி தாங்கும், நிமிர்ந்து நிற்பதால் பிடுங்கச் சுலபம், சந்தையில் போகும். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்று பரவி, ஓய்வு கொடுக்க ஆளில்லாமல் எட்டுப் பத்தாண்டுகளைத் தாண்டி ஓடியது. மகாராஷ்டிரத்தில் ஜல்காவில் இருந்து 1979ல் வந்த ஜே.எல். 24ம் இதே மாதிரி ஒரு செல்லப்பிள்ளை.

இரண்டுக்குமே துருவையும் புள்ளியையும் எதிர்க்கத் தெரியாது. எந்த அளவுக்கு என்றால், ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு புதிய கடலைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிக்கும்போது, சில வரிசைக்கு ஒரு வரிசை வேண்டுமென்றே டி.எம்.வி. 2 விதைப்பார்கள். அதன் மேல் சாயங்காலம் துரு வித்து கலந்த தண்ணீரைத் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், அது நோய் பிடித்து அக்கம்பக்கத்து வரிசைக்கெல்லாம் பங்கு வைக்கும். மதிப்பெண் 1 முதல் 9 வரை. 1 என்றால் நோயே இல்லை, 9 என்றால் இலை முழுக்கப் போயிற்று. டி.எம்.வி. 2 எப்போதும் எட்டு, ஒன்பது. நம் ஊர்ப் பெருமை ஒன்று உலகத்துக்கு நோய் பரப்பும் வரிசையாக உழைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு விசித்திரமான வருத்தம் உண்டு.

குற்றம் அந்த ரகத்தின் மேல் மட்டும் சொல்ல முடியாது. நிலக்கடலை என்ற பயிரே ஒரு விபத்தில் பிறந்தது. தென் அமெரிக்காவில், இன்றைய தெற்கு பொலிவியா, வடக்கு அர்ஜென்டினா பக்கம், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு காட்டுக் கடலைகள் ஒட்டிக் கலந்தன. ஒன்று அராகிஸ் டூரானென்சிஸ், இன்னொன்று அராகிஸ் இபாயென்சிஸ். இரண்டுக்கும் 20 குரோமோசோம். கலப்பில் குரோமோசோம் இரட்டித்து 40 ஆகி, புதிய செடி வந்தது. அந்த நிமிடமே அது தன் காட்டுச் சொந்தங்களோடு கலக்கிற வழியையும் இழந்துவிட்டது, 20க்கும் 40க்கும் ஜோடி சேராது. உலகம் முழுக்க இன்று விளையும் கடலையின் மரபு அந்தக் குறுகிய வாசல் வழியாக வந்ததுதான். வெளித்தோற்றத்தில் கொத்து, கொடி, சிவப்புத் தோல், வெள்ளைத் தோல் என்று ஆயிரம் வகை இருக்கும், உள்ளே நோயை எதிர்க்கும் சரக்கு ரொம்பக் கம்மி.

முதல் முயற்சி: பெருவின் கெட்டித் தோடு

ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் சர்வதேச அரை வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையம், அதுதான் இக்ரிசாட், 1972ல் தொடங்கியது. கடலை வேலை அங்கே 1976ல் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான கடலை வகைகளை நோய்க்கு நடுவே விதைத்துப் பார்த்ததில் துருவைத் தாங்கும் சில கிடைத்தன, அவற்றில் பெரும்பாலானவை பெரு நாட்டுப் பழைய வகைகள். தாரபோட்டோ என்ற ஊரின் பெயரிலேயே ஒன்று உண்டு.

எதிர்ப்பு உண்மையிலேயே இருந்தது. ஆனால் காயைப் பார்த்தால் வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கெட்டித் தோடு, வரிவரியாக ஆழமான நரம்பு, மூன்று நான்கு பருப்பு, உடைத்தால் தேறுவது குறைவு, விளைய நாளும் அதிகம். நல்ல ரகத்தோடு ஒட்டி, அதாவது மகரந்தம் மாற்றிக் கலந்து, பார்த்தால் எதிர்ப்போடு இந்த லட்சணங்களும் ஒட்டிக்கொண்டே வந்தன. இப்படி வந்த ரகங்கள் சில வெளியிடவும்பட்டன, நோய் அதிகம் உள்ள இடத்தில் மகசூலும் கொடுத்தன. விவசாயிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இதை விவசாயியின் தயக்கம் என்று எழுதமாட்டேன். 105 நாளில் பிடுங்கவேண்டிய மானாவாரிக் கொல்லையில் இன்னும் பதினைந்து நாள் மழையை எதிர்பார்த்து நிற்கச் சொல்வது எதிர்ப்புத்திறனுக்கு யாரும் கொடுக்கக்கூடாத விலை.

30, 60, 40

இன்னொரு பாதை அதற்கு முன்னாலேயே வேறு கண்டத்தில் திறந்திருந்தது. கிரிகோரி, க்ரபோவிக்காஸ், பியெத்ராரெல்லி என்ற மூன்று பேர் தென் அமெரிக்கா முழுக்கக் காட்டுக் கடலைகளைத் தேடி அலைந்து சேகரித்தவர்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜி.கே.பி. என்று போட்டு, பக்கத்தில் ஓர் எண் போடுவது வழக்கம். பொலிவியாவில் எடுத்த அராகிஸ் கார்டனாசி என்ற காட்டினத்தின் ஒரு மாதிரிக்குக் கிடைத்த அடையாளம் ஜி.கே.பி. 10017. வீட்டுக் கடலையை நாசம் பண்ணும் துருவும் பின்பருவப் புள்ளியும் அந்தச் செடியிடம் வாலாட்ட முடியவில்லை.

1960களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டன் கிரிகோரியும் ஜோசப் ஸ்மார்ட்டும் இதை வீட்டுக் கடலையோடு ஒட்டினார்கள். வீட்டுக் கடலையின் 40ல் பாதி 20, காட்டுச் செடியின் 20ல் பாதி 10, ஆக மொத்தம் 30. அந்தக் குரோமோசோம்களால் ஜோடி சேர முடியாது, செடி மலடு. பூக்கும், காய்க்காது. இங்கேதான் கொல்சிசின் உள்ளே வருகிறது. நம் செங்காந்தள் விதையில் இருக்கிறதே, திண்டுக்கல், தாராபுரம் பக்கம் அதற்காகவே காந்தள் பயிரிடுகிறார்களே, அதே விஷம். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டாகப் பிரிந்து போவதை அது தடுத்துவிடும், 30 இரட்டித்து 60 ஆகும். இப்போது எல்லாவற்றுக்கும் ஜோடி உண்டு, விதை பிடிக்கும். அந்த 60ஐத் தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டால், அதிகப்படியானவை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கடைசியில் 40ல் வந்து நிற்கும் செடிகள் கிடைக்கும். பார்க்க வீட்டுக் கடலைதான். ஆனால் அங்கங்கே ஒரு துண்டு காட்டுக் குரோமோசோம் உள்ளே புகுந்து தங்கியிருக்கும்.

சொல்ல ஒரு பத்தி ஆயிற்று, செய்யப் பல வருடம். எந்தத் துண்டு எங்கே உட்கார்ந்தது என்று பார்க்க அப்போது எந்தக் கருவியும் கிடையாது. நோய்க்கு நடுவே விதைத்து, எது பச்சையாக நிற்கிறதோ அதைப் பொறுக்கியெடுப்பது ஒன்றுதான் வழி. வட கரோலினாவில் அந்த வேலையைப் பிறகு தாமஸ் ஸ்டாக்கர் தொடர்ந்தார். கேட்டவர்களுக்கு விதை அனுப்பினார்கள். அதில் ஒரு பங்கு பட்டான்செருவுக்கு வந்தது. அன்றைக்கு அது ஒரு கடிதம், ஒரு கவர், தாவர நோய்த் தடுப்புச் சான்று என்று முடிகிற விஷயம்.

தார்வாட்

இக்ரிசாட்டில் இந்தக் கார்டனாசி வழி வந்த வரிசைகளில் (இன்னும் ரகமாக வெளிவராத ஆய்வுக் கடலைகளில்) ஒன்று ஐ.சி.ஜி.வி. 86855. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் இதையும், சீக்கிரம் விளையும் கே.ஆர்.ஜி. 1 என்ற ரகத்தையும் ஒட்டினார்கள். அதில் தேறியதுதான் ஜி.பி.பி.டி. 4, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. எம்.வி.சி. கவுடா குழுவின் வேலை. பெரு வழி ரகங்களுக்கு இருந்த கெட்டித் தோடும் இழுவையும் இதில் இல்லை, கொத்தாக நிற்கும், நாட்கணக்கும் நம் ஆட்களுக்குப் பழகிய கணக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது, துருவும் பின்பருவப் புள்ளியும் இரண்டையுமே தாங்கியது. காட்டுச் செடியை நேராக நல்ல ரகமாக்க முயலாமல், இரண்டு கட்டமாகப் போனதுதான் இங்கே வேலை செய்தது என்று நினைக்கிறேன். முதல் கட்டத்தில் காட்டுத் துண்டு வீட்டுக் கடலைக்குள் வந்து சேர்ந்தால் போதும், ரகம் அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இரண்டாம் கட்டத்தில்தான் விவசாயிக்கு ஏற்ற செடி.

பிறகு டி.என்.ஏ. அடையாளங்கள் வந்தன. ஜி.பி.பி.டி. 4ஐயும் டி.ஏ.ஜி. 24 போன்ற நோய் பிடிக்கும் ரகங்களையும் ஒட்டி, வாரிசுகளை நோயிலும் மரபிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு விஷயம் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. துரு எதிர்ப்பில் தெரிந்த வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஓர் இடத்தில் அடங்கியிருந்தது. ஏ03 என்ற குரோமோசோமின் (ஏ என்பது டூரானென்சிஸ் தந்த பாதி) நுனிப் பகுதி. பின்பருவப் புள்ளிக்கான எதிர்ப்பில் பெரும்பங்கும் அதே இடத்தில்தான். பொலிவியாக் காட்டுச் செடியின் அந்த ஒரு துண்டு.

இடம் தெரிந்துவிட்டால் வேலை சுலபம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முளைத்த செடியின் ஓர் இலையைக் கிள்ளிப் பரிசோதித்தாலே துண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஐ.சி.ஜி.வி. 91114, ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 மூன்றுக்கும் அந்தத் துண்டை இப்படிக் கொண்டுபோன வேலை 2014ல் வெளியானது. 2017ல் டி.எம்.வி. 2க்கும், தார்வாட்டிலேயே. குடியாத்தத்துக் கடலைக்குள் பொலிவியாத் துண்டு. நோய் பரப்ப விதைத்த வரிசைக்கே கடைசியில் எதிர்ப்பு வந்து சேர்ந்தது என்று படித்தபோது பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்போ இலை பழுக்காதா? எப்போ பிடுங்குறதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இலை பச்சையாக இருக்கும்போதே காய் முற்றிவிடும். ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்து, தோட்டின் உள்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு பண்ணவேண்டும். இதை விதை கொடுக்கும்போதே சொல்லிக்கொடுக்கவில்லையென்றால் எதிர்ப்பு ரகம் போட்டவர் பச்சை இலையை நம்பிக் காத்திருந்து, காய் மண்ணிலேயே முளைக்க விட்டுவிடுவார்.

ஏன் இன்னும் உடையவில்லை

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். எதிர்ப்பு "நிலைக்கும்" என்று யார் சொல்ல முடியும்? கோதுமைத் துருவில் வேலை செய்த ராய் ஜான்சன் சொன்ன வரையறையைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: நோய்க்குத் தோதான சூழலில், பரவலாக, நீண்ட காலம் பயிரிட்ட பிறகும் வேலை செய்துகொண்டிருந்தால் அது நிலைத்த எதிர்ப்பு. கவனித்துப் பாருங்கள், திரும்பிப் பார்த்து மட்டுமே சொல்லக்கூடிய வார்த்தை அது. வெளியிடும் நாளில் எந்த ரகத்துக்கும் அந்தப் பட்டம் கொடுக்க முடியாது.

பாடப்புத்தகப் பதில் இப்படிப் போகும். ஒரே ஒரு பெரிய மரபணு பூஞ்சையை அப்படியே தடுத்து நிறுத்தினால், பூஞ்சையில் அதைத் தாண்டத் தெரிந்த ஒரே ஒரு மாற்றம் வந்தாலும் எல்லாம் போச்சு. பீன்ஸில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் விஷயத்தில் நடந்தது இதுதான். வெனிசுலாவில் இருந்து வந்த கார்னெல் 49-242 என்ற கறுப்பு பீன்ஸில் ஏ.ஆர்.இ. என்ற மரபணு கிடைத்தது, அப்போது தெரிந்திருந்த நோய்ப் பிரிவுகள் எல்லாவற்றையும் தடுத்தது, 1960களில் ஐரோப்பாவில் ஆளாளுக்கு அதையே எடுத்துப் போட்டார்கள். 1970களில் ஜெர்மனியில் கப்பா என்று பெயர் வைத்த பிரிவு அதைத் தாண்டி வந்தது. இதற்கு மாறாக, பூஞ்சையைத் தடுக்காமல் தாமதப்படுத்துகிற எதிர்ப்பு நிலைக்கும், ஏனென்றால் தப்பித்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி பூஞ்சைக்குக் குறைவு.

கார்டனாசித் துண்டு செய்வது பெரும்பாலும் இந்தத் தாமதம்தான். ஜி.பி.பி.டி. 4ல் துருவே வராது என்றில்லை, வரும். கொப்புளம் சின்னதாக இருக்கும், கிளம்ப நாளாகும், கிளம்பினாலும் சரியாக வெடித்துப் பொடி கொட்டாது. வட்டிக் கணக்கு மாதிரி யோசித்தால் இதன் பலம் புரியும். பேச்சுக்கு ஒரு கணக்கு: 10 நாளுக்கு ஒரு தலைமுறை, ஒரு கொப்புளத்தில் இருந்து 10 புதுக் கொப்புளம் என்றால் 60 நாளில் ஒன்று 10 லட்சம் ஆகும். தலைமுறைக்கு 15 நாள், ஒன்றில் இருந்து 5 என்று மாற்றினால் அதே 60 நாளில் 625. நோய் இருக்கிறது, ஆனால் காய் முற்றுவதற்குள் அதனால் இலையைத் தின்று முடிக்க முடியவில்லை.

சரி, இதுவரை புத்தகம் சொல்வது ஒத்துப்போகிறது. ஆனால் புத்தகம் தாமத எதிர்ப்பு என்றால் பல சின்ன மரபணுக்கள் சேர்ந்தது என்றும் சொல்லும். இங்கே 80 சதவீதம் ஒரே இடத்தில் கிடக்கிறதே? காட்டுத் துண்டு வீட்டுக் குரோமோசோமோடு சரிவரக் கலந்து பிரிவதில்லை, அதனால் அதிலுள்ள மரபணுக்கள் மூட்டை கட்டினமாதிரி மொத்தமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. எதிர்ப்புக்கான மரபணு வகைகள் ஒன்றுக்கு மேல் அந்த மூட்டைக்குள் இருக்கின்றன. ஆக ஒற்றை இடம் என்பது ஒற்றை மரபணுவாக இருக்கவேண்டும் என்றில்லை. அதோடு கடலைத் துருவில் ஆண் பெண் கலப்பு நடக்கும் கட்டம் நடைமுறையில் காணக்கிடைப்பதில்லை, ஒரே வகை வித்து திரும்பத் திரும்ப. கலப்பு இல்லாத பூஞ்சை புதுச் சேர்க்கைகளை மெதுவாகத்தான் உண்டாக்கும். இரண்டும் நம் பக்கம் நிற்கும் காரணங்கள்.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு, இதை எழுத யாருக்கும் பிடிக்காது: ஜி.பி.பி.டி. 4ஐ நாம் பரவலாகப் பயிரிடவே இல்லை. கடலை விதைத் தொழில் ஒரு தலைவலி. ஏக்கருக்கு ஐம்பது அறுபது கிலோ பருப்பு வேண்டும், ஒரு கிலோ விதைத்தால் எட்டு பத்து கிலோதான் திரும்ப வரும், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும், மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றவேண்டும். விவசாயி தன் கொல்லையிலேயே எடுத்துவைக்கலாம் என்பதால் தனியார் கம்பெனிக்கும் லாபமில்லை. எனவே புது ரகம் நத்தை வேகத்தில் நகர்கிறது, பக்கத்துக் கொல்லையில் டி.எம்.வி. 2ம் ஜே.எல். 24ம் வருடா வருடம் நின்றுகொண்டிருந்தன. பூஞ்சைக்கு அங்கே தாராளமாகச் சாப்பாடு இருக்கும்போது ஜி.பி.பி.டி. 4ஐ உடைத்தே தீரவேண்டும் என்ற நெருக்கடி எங்கிருந்து வரும்? ஜான்சன் வரையறையில் "பரவலாக" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரை அந்தத் தேர்வை இந்த எதிர்ப்பு இன்னும் எழுதவே இல்லை என்பது என் கணிப்பு. விதைத் துறையின் மெத்தனம் எதிர்ப்புக்குக் காவல் காத்திருக்கிறது, யாரும் திட்டமிடாமலே.

251

2021ல் கடலை மரபியல் ஆய்வாளர் டேவிட் பெர்டியோலியும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வேலை வெளியிட்டார்கள். உலகத்துக் கடலை ரகங்களின் மரபுக்குள் ஜி.கே.பி. 10017ன் துண்டுகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடினார்கள். 30 நாடுகளில் 251 ரகங்களிலும் இனப்பெருக்க வரிசைகளிலும் கிடைத்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்காக்கள், ஆஸ்திரேலியா. அமெரிக்காவில் பரவலாகப் போட்ட பெய்லி என்ற ரகத்திலும் உண்டு. வளர்த்தவர்களுக்கே பல இடங்களில் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் கொடுத்து இன்னொருவர் ஒட்டி, பெயர் மாறி, எண் மாறி, கலந்து போனதில் மூலம் மறந்துவிட்டது.

விதைப் பகிர்வின் வெற்றிக் கதையாக அவர்கள் இதைச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. நான் அதே எண்ணைப் படித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பெயர் வேறு, நாடு வேறு, ஆனால் துருவின் கண்ணுக்கு இவற்றில் பெரும்பாலானவை ஒரே பூட்டு. இந்தியாவில் டி.எம்.வி. 2, ஜே.எல். 24 இரண்டுக்குள்ளும் இதே ஏ03 துண்டைச் செருகி, அவற்றைப் பரப்புவதில் ஜெயித்தும்விட்டோம் என்றால், இதுவரை பூஞ்சைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய கொல்லைகளும் மறையும். பீன்ஸில் ஐரோப்பா செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

அதற்காக விடவேண்டாம், கூட இன்னொன்று சேர்த்து விடவேண்டும். வேறு பூட்டுகள் இருக்கின்றன. அராகிஸ் மேக்னா என்ற காட்டினத்தில் துரு எதிர்ப்பு பி08 குரோமோசோமில் கிடைத்திருக்கிறது, அதாவது வீட்டுக் கடலையின் மறுபாதியான இபாயென்சிஸ் பக்கத்தில். ஏ03 ஒரு பக்கம், பி08 மறுபக்கம் என்று ஒரே செடியில் இரண்டையும் வைக்க எந்தத் தடையும் இல்லை. அராகிஸ் ஸ்டெனோஸ்பெர்மாவிலும் சரக்கு உண்டு. பட்டான்செருவில் நளினி மல்லிகார்ஜுனா குழு, கடலை பிறந்த விபத்தைத் திரும்ப அரங்கேற்றுகிற மாதிரி, காட்டினங்களை இரண்டிரண்டாக ஒட்டி இரட்டிக்க வைத்துப் புதிய 40 குரோமோசோம் செடிகளையே உண்டாக்கியது. 60க்குப் போய் 40க்கு இறங்கி வரும் சுற்றுவழி இவற்றுக்குத் தேவையில்லை, வீட்டுக் கடலையோடு நேராகவே கலக்கும்.

என்னைக் கேட்டால் இனிமேல் ஏ03 மட்டும் உள்ள ரகத்தை எதிர்ப்பு ரகம் என்று தனியாக வெளியிடுவதை நிறுத்தலாம். கூட ஒன்று இல்லாமல் வெளியே போகக்கூடாது. இப்படிச் சொன்னால், இரண்டு துண்டும் சேர்ந்த ரகம் வர இன்னும் சில வருடம் ஆகும், அதுவரை விவசாயி நஷ்டப்படுவாரே என்பார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அதற்கு முழு மறுப்பு கிடையாது. மருந்து அடிக்க வசதியில்லாத மானாவாரிக்காரரிடம் போய் உன் எதிர்காலத்துக்காக இன்றைக்கு நோயைத் தாங்கிக்கொள் என்று யார் சொல்வது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பருவத்துக்கு ஏழு முறைகூட மருந்து அடிப்பார்கள், இங்கே பலருக்கு ஒன்றே அதிகம்.

இன்னொரு முட்டுக்கட்டை காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கவரில் போட்டு அனுப்பிய மாதிரி இன்றைக்குக் காட்டு விதை அனுப்ப முடியாது. 1993ல் பல்லுயிர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகு ஒவ்வொரு நாடும் தன் காட்டுச் செடிக்குத் தானே காவல், சம்மதம், ஒப்பந்தம், பங்கு. பொலிவியாவுக்குத் தன் செடியில் உரிமை இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் செடியால் பிழைத்த கொல்லைகளில் இருந்து பொலிவியக் குடியானவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆனால் பயிர் மரபு வளங்களை எளிதாகப் பகிர்ந்துகொள்ள 2001ல் ஏற்றுக்கொண்டு 2004ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தத்தின் பொதுப் பட்டியலில் நெல் இருக்கிறது, கோதுமை இருக்கிறது, பீன்ஸ் இருக்கிறது, துவரைகூட இருக்கிறது, நிலக்கடலை இல்லை. இத்தனைக்கும் காட்டுச் சொந்தத்தை இவ்வளவு நம்பியிருக்கும் பயிர்கள் ரொம்பக் குறைவு.

பெரியப்பா மகன் இப்போது கார்டனாசி வழி ரகம் ஒன்று போடுகிறான், கொடி நன்றாக இருக்கிறது, மாட்டுக்கு ஆகும் என்பதுதான் அவன் சொல்கிற முதல் காரணம். அவனிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். 80 நாளுக்கு மேல் வாரம் ஒரு தடவை கொல்லையின் நடுவே நாலைந்து செடியில் கீழ் இலைகளைத் திருப்பிப் பார்க்கவேண்டும். ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி, தேய்த்தால் கையில் ஒட்டாமல் இருந்தால் கவலையில்லை, துண்டு வேலை செய்கிறது. பழைய டி.எம்.வி. 2ல் வருகிற மாதிரி பெரிதாகப் பொங்கி, தேய்த்தவுடன் விரலில் ஆரஞ்சாக அப்பினால் அந்த இலைகளைக் காகித உறையில் போட்டு (பிளாஸ்டிக் கவரில் போட்டால் வியர்த்து அழுகிவிடும்) ரகத்தின் பெயர், விதைத்த தேதி எழுதி, அன்றைக்கே விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். விதை கலப்பாக இருந்து ஒன்றிரண்டு நோய் பிடிக்கும் செடி வந்திருக்கலாம், அதனால் ஒரு செடியில் மட்டுமா, வரிசை முழுக்கவா என்பதையும் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். இதுவரை கையில் ஒட்டவில்லை என்கிறான்.